தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள், அவற்றைப் பராமரிப்பவர்கள், கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் உளி பிடித்துக் காய்ப்பேறிய கைகளோடு தச்சர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர்களுடைய தொழிலறிவு. அதைத் தொகுத்துச் சொல்லும் வேலை மட்டும் என்னுடையது.

பழைய கட்டடங்களின் வெளிப்புற மரவேலை மக்கிப்போனால் அதை எப்படிச் செப்பனிடுவது, செப்பனிடும்போது நாம் கற்பது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள். வெளிப்புற மரவேலை என்றால் எவை? தெருவோரத் தாழ்வாரத்தைத் தாங்கும் தூண்கள். ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர முனைகள். மழையை நேராக வாங்கும் சன்னல் கதவுகள். வாசல் நிலையின் அடிப்பகுதி. வீட்டுக்குள்ளே இருக்கும் உத்திரம் மூன்று தலைமுறைக்கு அசையாமல் கிடக்கும். அதே காட்டில் வெட்டி, அதே தச்சர் இழைத்த மரம், வெளியே நின்ற பாவத்துக்கு முதலில் மக்கும்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் வீதிகளில் நடந்திருப்பீர்கள். வீட்டு முகப்பில் திண்ணை; திண்ணைக்கு மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக்கொள்ளலாம். சில வீடுகளில் கீழ்த்தளம் இப்படித் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சன்னல்களும், சாய்வான பலகைகள் அடுக்கிய சிலாத்துக் கதவுகளுமாகப் பிரெஞ்சு முறையிலும் இருக்கும். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. அந்த வீதிக்குப் போய்ப் பாருங்கள். தாழ்வாரங்கள் வரிசையாக நின்றால்தான் அது வீதி. ஒரு வீட்டுத் தூண் மக்கி, தாழ்வாரத்தை இடித்துத் தள்ளினால், அந்த வரிசையில் ஓர் ஓட்டை விழுந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கும் இடிக்கத் துணிவு வந்துவிடுகிறது. ஆகவே ஒரு தூணின் அடிப்பகுதி மக்குவதை அந்த ஒரு வீட்டின் பிரச்சினையாக மட்டும் நாம் பார்க்க முடியாது.

முதல் பாடத்துக்கு வருகிறேன். மக்கிய மரத்தின் முன்னால் நின்றதும் நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறோம். எந்த மரம் போடலாம் என்று கேட்கிறோம். பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்கிறோம். அனுபவமுள்ள தச்சர் இவற்றில் எதையும் கேட்பதில்லை. அவர் அண்ணாந்து ஓட்டைப் பார்ப்பார். குனிந்து தரையைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஏன் அந்தக் கேள்வி? மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அது வாழ உணவு வேண்டும், காற்று வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும், ஈரம் வேண்டும். உணவு, மரமே. காற்றையும் வெப்பத்தையும் நம் ஊரில் யாரும் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் உலர் எடையில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. முப்பதை ஒட்டி ஏறி, அங்கேயே நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். நனைந்த மரம் உடனே காய்ந்துவிட்டால் கேடில்லை. நனைந்த மரம் காய வழியில்லாமல் நிற்பதுதான் கேடு.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. நம் முன்னோர் கிணறு வெட்டும்போது அடியில் நாவல் மரத்தில் வளையம் செய்து இறக்கி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரம் எப்படி நிலைத்தது? அங்கே பூஞ்சைக்குக் காற்று இல்லை. முழுக்க நீரில் கிடக்கும் மரம் நிலைக்கிறது. முழுக்க உலர்ந்திருக்கும் மரமும் நிலைக்கிறது. நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் மரம்தான் அழிகிறது. தூணின் அடி அப்படிப்பட்ட எல்லை. சன்னல் கதவின் அடிச்சட்டமும் கைமரத்தின் முனையும் அப்படிப்பட்ட எல்லைகளே.

எல்லாச் சேதமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுண்டினால் மாவு உதிர்கிறதா, குண்டூசித் தலையளவு துளைகள் தெரிகின்றனவா? அது வண்டு வேலை. மண் பூசிய கோடுகள் சுவரில் ஏறி, உள்ளே ஏடு ஏடாகக் குடைந்திருக்கிறதா? அது கறையான். நிறம் கறுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறதா? அது பூஞ்சை. மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தெளித்துவிட்டுப் போகிறவர் காசை வாங்கிக்கொண்டு போகிறார். நோய் அங்கேயே இருக்கிறது.

'எங்கள் வீட்டுத் தூண் பர்மா தேக்கு. அது எப்படி மக்கும்?' என்று கேட்பார்கள். தேக்கு வலிமையானதுதான். அதன் வைரப்பகுதியில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப்பொருள்கள் பூஞ்சையையும் கறையானையும் நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். ஆனால் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்த வலிமை கிடையாது. வைரமும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் நிற்கவைத்தால் தோற்கும். நல்ல மரம் நமக்குக் கூடுதலாகக் காலம் கொடுக்கும். கவனக்குறைவுக்கு உரிமம் கொடுக்காது.

இரண்டாவது பாடம்: அடியைப் பாருங்கள்.

மரத்தின் நெடுகில் ஓடும் நார்களை வைக்கோல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டின் பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றினால் வழிந்தோடும். வெட்டுமுனையைத் தண்ணீரில் வைத்தால் உறிஞ்சி ஏறும். மரத்தின் வெட்டுமுகம் அப்படித்தான் குடிக்கிறது. இது நம் பழைய தச்சர்களுக்குத் தெரியும். அதனால்தான் தூணை மண்ணில் நடாமல் கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். மழை பீடத்தில் தெறிக்கும், வழியும், தூணின் அடி காற்றில் காய்ந்துவிடும்.

அந்தப் பீடங்கள் இன்று எங்கே? தெருவுக்குச் சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே புதியது போட்டார்கள். சாலை உயர்ந்தது. மழைநீர் திண்ணையை எட்டியது. வீட்டுக்காரர் திண்ணையைச் சிமென்டு போட்டு உயர்த்தினார். கருங்கல் பீடம் சிமென்டுக்குள் புதைந்தது. தூணின் அடியைச் சுற்றிச் சிமென்டு கழுத்துப்பட்டை கட்டியாயிற்று. அதன்மேல் டைல்ஸும் ஒட்டியாயிற்று. இனி மழைநீர் தூணை ஒட்டி உள்ளே இறங்கும்; வெளியேற வழி கிடையாது. நூறு ஆண்டு நின்ற தூண் அடுத்த சில ஆண்டுகளில் அடியோடு இற்றுப்போகும். அப்போது எல்லோரும் சொல்வது என்ன? 'மரம் பழசாகிவிட்டது.' இல்லை, நண்பர்களே! மரம் பழசானதால் மக்கவில்லை. அதன் காலைச் சிமென்டில் புதைத்ததால் மக்கியது.

இந்தப் பாடத்தை உலகம் முழுவதும் தச்சர்கள் தனித்தனியாகக் கற்றிருக்கிறார்கள். நார்வேயில் முதலில் கட்டிய மரத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் நட்டார்கள். அவை மக்கி மறைந்தன. பின்னர் கல்லின் மேல் கிடைமரம் பரப்பி, அதன்மேல் தூண்களை நிறுத்தினார்கள். அப்படிக் கட்டிய ஊர்னெஸ் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நிற்கிறது. ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் இருக்கின்றன. அங்கும் தூண்கள் நிற்பது கல்லின் மேல்தான். நார்வேயின் பனியிலும் ஜப்பானின் மழையிலும் புதுச்சேரியின் புயலிலும் ஒரே விதி: மரத்தின் கால் உலர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பாடம்: கெட்டதை மட்டும் வெட்டுங்கள்.

தூணின் அடி ஒரு முழம் மக்கியிருக்கிறது. மேலே எட்டடி தேக்கு வைரமாக நிற்கிறது. என்ன செய்யலாம்? தூணைப் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் தூண் எழுப்புங்கள் என்பார் ஒருவர். முழுத்தூணையும் புதிதாகச் செய்யுங்கள் என்பார் இன்னொருவர். தச்சர் சொல்லும் வழி வேறு: காலை மட்டும் மாற்றுவோம்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் தாழ்வாரத்து உத்திரத்துக்குச் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுக்கிறார்கள். ஜாக்கி வைத்து ஒரு நூல் இரண்டு நூல் அளவுக்கு மெல்லத் தூக்குகிறார்கள். அதற்கு மேல் தூக்கினால் ஓடு நகரும். தச்சர் கொட்டாப்புளியின் பிடியால் தூணை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போகிறார். முதலில் மொத்தென்று கேட்கிறது. ஓரிடத்தில் கணீரென்று மாறுகிறது. அங்கே கோடு போடுகிறார். கம்பி முனையால் குத்திப் பார்க்கிறார். முனை உள்ளே போகாத இடத்திலிருந்து இன்னும் சற்று மேலே தள்ளி இரண்டாவது கோடு. ரம்பம் ஓடுவது அந்த இரண்டாவது கோட்டில்.

புதிய துண்டு எப்படிப்பட்டது? அதே இன மரம், நன்றாக உலர்ந்தது, வைரம் மட்டும். பழைய தூணின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் புதியதன் ரேகையும் ஓட வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஈரத்துக்கு வேறுவேறாக உப்பிச் சுருங்கி, இணைப்பு பிளக்கும். நேர்வெட்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நிற்காது. பாதிப் பாதியாகச் செதுக்கி, ஒன்றின் கழுந்து மற்றதன் துளையில் ஏறும்படி பொருத்தி, மர ஆணி அடிக்கிறார்கள். இணைப்பின் வெளிவிளிம்பு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கிறார் தச்சர். சரிவு உள்நோக்கி இருந்தால் தூணில் வழியும் மழை இணைப்புக்குள் போகும். வெளிநோக்கி இருந்தால் சொட்டிவிடும். உளியின் ஒரு சாய்வு, அந்த வேலை எத்தனை காலம் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது.

இது ஏழைக்கான ஒட்டுப்போடும் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஹிமேஜி கோட்டை இருக்கிறது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் நடுக்கோபுரத்தை இரண்டு பெருந்தூண்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். 1956-இல் தொடங்கி 1964-இல் முடிந்த பெரும் செப்பனிடலில் மேற்குத் தூணை மாற்ற வேண்டியிருந்தது. கிழக்குத் தூணை அவர்கள் மாற்றவில்லை. மக்கிய அடியை மட்டும் வெட்டி, புதிய காலைப் பொருத்தினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்திய தூண் இன்றும் கோட்டையைத் தாங்குகிறது. கோட்டைக்குத் தகும் முறை நம் தாழ்வாரத்துக்குத் தகாதா?

மரத்தாலான பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்கான கொள்கைகளை இகோமாஸ் என்னும் பன்னாட்டு அமைப்பு 1999-இல் மெக்சிகோவில் ஏற்றது. அவற்றைத் திருத்திப் புதுப்பித்து 2017-இல் ஏற்ற இடம் நம் புதுதில்லி. பழைய மரத்தை முடிந்தவரை காப்பாற்று, மாற்றியே ஆக வேண்டிய இடத்தில் அதே இன மரத்தை அதே தொழில்முறையில் வை என்பது அவற்றின் சாரம். நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததையே உலக அவை எழுத்தில் வைத்திருக்கிறது.

நான்காவது பாடம்: மூடி மறைக்காதீர்கள்.

மக்கிய பள்ளத்தில் சிமென்டு அடைக்கிறார்கள். மரம் உப்பும், சுருங்கும். சிமென்டு அதனோடு சேர்ந்து அசையாது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அதில் தண்ணீர் நிற்கும். இரும்பாணி அடிக்கிறார்கள். ஈரத்தில் துரு பிடித்து உப்பி, மரத்தைப் பிளந்து, சுற்றிலும் கறுப்புக் கறை படியும். பித்தளைத் திருகாணியோ துருப்பிடிக்காத எஃகோ சற்று விலை கூடுதல்தான். பின்னால் வரும் செலவோடு பார்த்தால் மலிவு.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று, எனாமல் பெயின்ட். ஈர மரத்தின் மேல் அதைத் தடவினால் என்ன ஆகும்? வெளியே பளபளக்கும். பொருத்து விலகும் இடத்தில் பெயின்ட் வெடிக்கும். வெடிப்பு வழியாக நீர் உள்ளே போகும். மீதமுள்ள பெயின்ட் படலம் அதை வெளியே விடாது. சிலாத்துக் கதவின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். பலகைகளில் வழியும் மழையெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. வெளியே பெயின்ட் கலையாமல் இருக்கும்; உள்ளே கழுந்து இற்றுப்போய்த் துளைக்குள் ஈரப்பொடியாகக் கிடக்கும். புயல் காற்றில் கதவு கழன்று விழும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

வேறு என்ன பூசலாம்? கதவை மாட்டுவதற்கு முன்பே, கழுந்திலும் துளையிலும் வெட்டுமுகம் எதிலும் எண்ணெய் ஊறவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு மரத்தோடு அசையும். உள்ளீரத்தை எனாமலைவிட எளிதாக வெளியே விடும். முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெய் கடலோரத்தில் படகுகளைக் காத்த பொருள். எதைப் பூசினாலும் உலர்ந்த மரத்தில் பூச வேண்டும். எபாக்சிப் பசைக்கும் இடமுண்டு. அழகான கடைசல் வேலையில் சிறு பள்ளம் விழுந்தால் அது உதவும். ஆனால் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே எபாக்சி வைத்தால், அதைச் சுற்றியுள்ள மரம் மக்கி, அடைத்த கட்டி மட்டும் மிஞ்சும். மறுபடியும் அதே கேள்விதான்: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஐந்தாவது பாடம்: தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை. இரண்டு பருவமழையும் எட்டும் ஊரில் அத்தனை மரவேலையும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? கூரையைப் பாருங்கள். செங்குத்தான சரிவு, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு தாழ்ந்த இறவாரம். மழை மரத்தைத் தொடுவதற்கு முன்பே தூரப் போய் விழுகிறது. நாமோ தெருவை அகலப்படுத்துகிறோம் என்று இறவாரத்தை வெட்டுகிறோம். உடைந்த ஓட்டை மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று தகரத்தைச் செருகுகிறோம். ஓர் ஓடு மாற்றும் செலவை மிச்சம் பிடித்து ஒரு கைமரத்தை இழக்கிறோம்.

சிறிய விஷயம் ஒன்றும் சொல்கிறேன். சன்னலின் அடிப்பலகை வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அதன் அடிப்புறத்தில், விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, ஒரு காடி ஓட வேண்டும். எதற்கு? பலகையின் விளிம்பில் வழியும் நீர் நேரே கீழே விழுந்துவிடாது. பலகையின் அடியை ஒட்டிக்கொண்டே சுவர்ப்பக்கம் ஊரும். காடியின் விளிம்பு வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அந்தக் காடியை அடைத்துவிட்ட வீடுகள் எத்தனை! கூர்மையான கம்பியால் அதைச் சுரண்டித் திறப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகல் ஒரு சன்னலைக் காக்கும்.

ஆறாவது பாடம்: ஆண்டுக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

நம் கரையோரத்துக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆகவே ஆவணி புரட்டாசியில் ஓடு பாருங்கள், இலை தழை அடைத்த தாழ்வாரக் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள், தூணின் அடியைத் தட்டிப் பாருங்கள். மழை நின்று தை பிறந்ததும் எங்கே ஈரம் காயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பங்குனி சித்திரையில் மரம் உலர்ந்திருக்கும். வெட்டுவதற்கும் பூசுவதற்கும் அதுவே காலம். மழைக்காலத்தில் அவசரமாகச் செய்த ஒட்டு ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த ஒட்டாகிவிடும்.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் முழுமரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. தோட்டத்தில் இளமையில் வெட்டிய தேக்கில் வெளிறிய பகுதி மிகுதி. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீடுகளின் தூணும் நிலையும் கதவும் விற்பனைக்கு அடுக்கியிருக்கிறார்கள். செப்பனிடும் வேலைக்கு நன்கு உலர்ந்த பழைய தேக்கைவிடச் சிறந்த மரம் கிடையாது. ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: நிற்கும் வீட்டை இடித்து வரும் மரத்தைத் தேடாதீர்கள், ஏற்கெனவே விழுந்த வீட்டின் மரத்தைத் தேடுங்கள்.

இனி என் வேண்டுகோள்கள்.

நகராட்சி, மாநகராட்சியாருக்கு: பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய சாலை போடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளரே இதை அறிவுறுத்தினார். புதுச்சேரியானாலும் காரைக்குடியானாலும் கும்பகோணமானாலும், சாலை மட்டம் உயராமல் இருந்தாலே ஆயிரம் தூண்களின் கால் பிழைக்கும்.

பொறியியல், கட்டடக்கலை மாணவர்களுக்கு: கான்கிரீட்டைப் படித்த அளவுக்கு மரத்தையும் படியுங்கள். ஒரு தச்சரின் பக்கத்தில் ஒரு கோடை முழுவதும் நின்று வேலை பாருங்கள். எந்த மென்பொருளும் கற்றுத்தராததை அந்தத் தட்டுச் சத்தம் கற்றுத்தரும்.

வீட்டுக்காரர்களுக்கு: தச்சரின் கூலியில் பேரம் பேசாதீர்கள். காலை மட்டும் மாற்றும் வேலைக்கு முழுத்தூண் செய்வதைவிட நுட்பம் அதிகம் தேவை. மரத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கையாவது அந்தக் கைக்குக் கொடுங்கள். கூலி கிடைத்தால்தான் அவர் மகனோ மகளோ உளியைக் கையில் எடுப்பார்கள். உளி பிடிக்க ஆளில்லாமல் போனால், எத்தனை சட்டம் இயற்றினாலும் எத்தனை விருது வாங்கினாலும் ஒரு தாழ்வாரமும் நிற்காது.

பழைய மரம் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கால் காய வேண்டும், தலை நனையாமல் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. இந்த ஐப்பசி மழைக்கு முன்பே உங்கள் வீட்டுத் தூணைச் சுற்றியுள்ள சிமென்டை உடைத்து, கருங்கல் பீடத்தை வெளியே கொண்டுவாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.